டின் மூடியைத் திறந்தது யார்?

மார்ச் பிறந்தால் போதும், எங்கள் பழைய சர்வீஸ் சென்டர் ஆட்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணா, வெயிலுக்கு பிரேக் ஆயில் எது நல்லது? டாட் 4 போதுமா, 5.1 போடலாமா?" நான் எப்போதும் ஒரே பதில்தான் போடுவேன். "டின் மூடியைத் திறந்தது யார்?" கேட்டவர்கள் ஒரு சிரிக்கும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பெருசு ரிட்டயர் ஆகியும் சந்தேக புத்தி போகவில்லை என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும். இந்த வருஷம் அதைக் கேட்டது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அவள் மட்டும், "ஏன் அண்ணா அப்படிக் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பெங்களூர் பழைய மெட்ராஸ் ரோட்டில், அல்சூருக்குப் பக்கத்தில் இருக்கும் டூவீலர் சர்வீஸ் சென்டரில் நான் வண்டியைக் கடைசியாகச் சோதித்து அனுப்பும் இன்ஸ்பெக்டராக இருந்தேன். மெக்கானிக் வேலையை முடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். நான் அதைத் தொட்டு, முகர்ந்து, ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே விட வேண்டும். மெக்கானிக் "ஆச்சு அண்ணா" என்றால் ஆகவில்லை என்று வைத்துக்கொண்டு ஆரம்பிப்பேன். கஸ்டமர் "நான் ஒண்ணுமே பண்ணல" என்றால் என்னவோ பண்ணியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வேன். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஜோகுபாளையத்தில் என் மனைவி பால் பாக்கெட்டை என் கண்ணில் காட்டாமல் காய்ச்சிவிடுவாள். இல்லாவிட்டால் நான் தேதியைத் துருவிக்கொண்டு நிற்பேன், காபி ஆறிப்போகும்.

தொழில் கற்ற கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஐ.டி.ஐ. முடித்தேன், ஒரு பஸ் கம்பெனி ஒர்க்ஷாப்பில் கொஞ்ச காலம் கிரீஸ் பூசினேன், பிறகு இங்கே வந்தேன். பிரேக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒர்க்ஸ் மேனேஜர் நஞ்சுண்டய்யா சார் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது.

அவர் மைசூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் ஒரு துண்டு பருத்தித் துணி. ஒர்க்ஷாப்பில் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. டிஸ்க் பிரேக் வேலை என்றால் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். முதலில் பெட்ரோல் டேங்கின் மேல் துணி விரிக்க வேண்டும். ஒரு சொட்டு பிரேக் ஆயில் சிந்தினாலும் பெயின்ட் உரிந்துவிடும். ஹேண்டில்பாரில் இருக்கிற சின்ன டப்பாவின் மூடியைச் சுற்றித் துடைத்த பிறகுதான் ஸ்க்ரூவைத் தொட விடுவார். பழையதை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றியதும், கீழே சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் நிப்பிளில் டியூப் மாட்ட வேண்டும். லீவரை அழுத்திப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, லீவரை விடு. டியூபில் குமிழி வருவது நிற்கிறவரை இதேதான். நடுவில் மேல் டப்பா காலியாகிவிட்டால் காற்றுப் புகுந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுவார். எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டே விரலால் லீவரைப் பிடித்துப் பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் அந்த வண்டி என்னிடம் வரும்.

ஊரே பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் ஜாதியே இல்லை, ஃப்ளூயிட் என்பதுதான் சரி. எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போய் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். அதற்கு இன்னொரு குணம் உண்டு, தண்ணீரைக் கண்டால் விடாது. மூடியைத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் ஈரத்தையே குடித்துவிடும். புதிதாக இருக்கும்போது எவ்வளவு சூட்டையும் தாங்கும். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது உள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. லீவர் மெத்தென்று ஹேண்டில் வரை வந்து முட்டும். பெங்களூர் குளிர்ச்சியான ஊர்தானே என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. சில்க் போர்டு டிராபிக்கில் மத்தியான வெயிலில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டவனுக்குத் தெரியும்.

அதனால் சாரிடம் ஒரு சட்டம் இருந்தது. டின்னைத் திறந்தவன் ஒரு டேப்பில் தன் பெயரை எழுதி அதன் மேல் ஒட்ட வேண்டும். அன்று மாலை மிச்சம் இருந்தால் வேஸ்ட் கேனில் கொட்டிவிட வேண்டும். மறுநாளைக்கு எடுத்து வைக்கிற பேச்சே கிடையாது. ஒருமுறை முதலாளி இது வீண் செலவு இல்லையா என்று கேட்டதற்கு, "ஒருத்தனோட பல்லைவிட இது ஜாஸ்தி விலையா சார்?" என்றார்.

இப்போது அந்த கேஸுக்கு வருகிறேன். ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது.

ஆயுத பூஜை, விஜயதசமி முடிந்து ஒர்க்ஷாப் திறந்த வாரக் கடைசி. மழை ஏமாற்றிவிட்டு வெயில் கொளுத்திய அக்டோபர். சேலத்துப் பையன் ஒருவன், சாஃப்ட்வேரில் வேலை, புதுசாகக் கல்யாணம் ஆனவன், எங்களிடம் வண்டியை சர்வீஸ் செய்து வாங்கிக்கொண்டு மனைவியோடு நந்தி மலைக்குப் போயிருக்கிறான். இறங்கும்போது முன் பிரேக் காணாமல் போய்விட்டது. பின் பிரேக்கை மிதித்தும் அந்த இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. வளைவு வருவதற்குள் வண்டியை மலைப்பக்கத்து மண்மேட்டில் ஏற்றிச் சாய்த்துவிட்டான். அவனுக்குச் சிராய்ப்பு, அந்தப் பெண்ணுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தால் கீழே பள்ளம்.

திங்கட்கிழமை வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நான் போய் லீவரைப் பிடித்தேன். கல் மாதிரி கெட்டியாக இருந்தது. ஓட்டிப் பார்த்தேன், இரண்டு விரலுக்கு நின்றது. எனக்கு முதல் சந்தேகம் அந்தப் பையன் மேல்தான். வேகமாக வந்து விழுந்துவிட்டு, மனைவிக்கும் மாமனாருக்கும் பதில் சொல்ல பிரேக் மேல் பழி போடுகிறான் என்று நினைத்தேன். அப்படியே சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவன் முகம் சிவந்துபோயிற்று. கையில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்தான் பேசினாள்.

"அவரு ஒண்ணுமே சொல்லலீங்க. பிரேக் புடிக்கலைன்னு சொன்னா நான் பயந்துருவேன்னு பேசாம வந்தாரு. ஆனா லீவரு போயி கைப்புடில டக்கு டக்குன்னு இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

இதைக் கற்பனையாகச் சொல்ல முடியாது. கொதித்தது ஆறிவிட்டால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பிரேக் ஒன்றும் அறியாததுபோல் கெட்டியாகிவிடும். நான் டப்பாவைத் திறந்து பேனா மாதிரி இருக்கும் டெஸ்டரை உள்ளே விட்டேன். தண்ணீர் இல்லையென்றால் பச்சை விளக்கு எரியும். சிவப்பு எரிந்தது. போன வாரம் மாற்றிய ஃப்ளூயிட்.

சார் பேனாவை நம்பவில்லை. சாம்பிளைக் கம்பெனிக்கு அனுப்பினார். சரக்கு அசல்தான், டூப்ளிகேட் இல்லை, ஆனால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பதில் வந்தது. அந்த வேலையைச் செய்த மெக்கானிக் நசீர். காலி டின்னில் ஒட்டியிருந்த டேப்பிலும் அவன் பெயர்தான்.

நசீர் எங்கள் பிரேக் செக்‌ஷனில் கைதேர்ந்தவன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். வேலையில் அவன் காட்டும் சுத்தத்துக்கு நான் ஜாமீன் நிற்பேன். ஆனால் அவன் தம்பி சிவாஜிநகரில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்தான். போதாதா? இங்கே அசல் ஃப்ளூயிட்டைப் பாதி எடுத்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டுகிறான் என்று கதை கட்டிவிட்டார்கள். கேன்டீனில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். கம்பெனியிலிருந்து வந்த ஏரியா மேனேஜர், கலப்படம் செய்தவன் பெயர் வேண்டும், அதில் இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் வேலை போவதோடு நிற்காது, போலீஸ் வரைக்கும் போகும். சார் என்னைக் கூப்பிட்டு, இந்த வாரத்துக்குள் பார்த்துச் சொல்லு என்றார்.

நசீரிடம் கேட்டால், "நான் தண்ணி கலக்கல அண்ணா" என்பான். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான். குற்றம் செய்யாதவன் கோபப்படுவான், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்பான். இவன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். இது எனக்கு ரொம்ப உறுத்தியது. ஒரு நாள் மதியம் அவன் தம்பி கராஜுக்கே போய், டயரில் காற்றுப் பார்க்கச் சொல்லிவிட்டு அலமாரியை நோட்டம் விட்டேன். வேறு கம்பெனி டின்கள்தான் இருந்தன. அந்தத் தம்பி என்னை யாரென்று தெரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் டீ வரவழைத்துக் கொடுத்தான். எனக்கு அந்த டீ இறங்கவில்லை.

சந்தேகத்துக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். திருடுகிறவன் கலப்பதாக இருந்தால் விலை குறைந்த ஃப்ளூயிட்டைக் கலப்பான். பிரேக் தெரிந்தவன் எவனும் தண்ணீர் ஊற்ற மாட்டான். அப்படியானால் ஊற்றியவனுக்குத் திருட்டு எண்ணம் இல்லை, ஊற்றும்போது பிரேக் ஞாபகமும் இல்லை. இந்த இடத்தில் வந்து என் மூளை நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஷோரூம் வாசலில் ஒரு புது வண்டி டெலிவரி. குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அர்ச்சகர் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நஞ்சுண்டய்யா சார் வழக்கம்போல் பக்கத்தில் நின்றார். அவர் அந்த வீட்டுக்காரரிடம், "டேங்க் மூடியைத் திறங்க, மூடி வச்சா ஆசீர்வாதம் எப்படி உள்ளே போகும்?" என்றார். அர்ச்சகர் உத்தரணியில் தீர்த்தத்தை எடுத்து மாவிலையால் தெளித்தார். நான் தூரத்தில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஆயுத பூஜை சட்டென்று ஞாபகம் வந்தது, கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஸ்பேனர் முதல் ஏர் கம்ப்ரசர் வரை எல்லாவற்றுக்கும் குங்குமம், பூ. ஒவ்வொரு பெஞ்சிலும் அந்தந்த செக்‌ஷனின் சாமான் ஒன்று. பிரேக் பெஞ்சில் ஒரு புது டின். சார் தன் கையாலேயே சீலை உடைத்து மூடியைத் திறந்து வைப்பார். கடைசியில் கும்பத்து நீரைக் கீழே கொட்டக் கூடாது என்று, உத்தரணியோடு பெஞ்சு பெஞ்சாகப் போய் திறந்திருக்கும் ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி விட்டுவிட்டு வருவார். பெரிய ஆயில் டிரம்மில் விழுந்தால் அடியில் போய்த் தங்கிவிடும், பார்த்தாலே தெரியும். இந்தச் சின்ன டின்னில் விழுந்தால் ஃப்ளூயிட்டோடு கரைந்துவிடும், ஒரு தடயமும் இருக்காது. சாமி முன்னால் வைத்ததை எடுத்துக் கொட்டவும் முடியாது. அவர் சட்டத்தில் அந்த ஒரு டின்னுக்கு மட்டும் விலக்கு. லீவு முடிந்து வந்ததும் முதல் வேலைக்கு அதைத்தான் எடுக்க வேண்டும், சுபம் என்பார். எடுத்தவன் பெயர்தான் டேப்பில் ஏறும். போன வருஷங்களில் அந்த டின் ஏதாவது ஸ்கூட்டருக்குப் போயிருக்கும், டவுனுக்குள்ளேயே ஓடியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த வருஷம் அது நந்தி மலைக்குப் போய்விட்டது.

அந்தப் பூஜை நடந்தபோது நானும் அங்கேதான் கை கூப்பி நின்றிருந்தேன். பால் பாக்கெட்டையே நம்பாதவன், கண்ணெதிரே பிரேக் டின்னில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நேரே நசீரிடம் போனேன். அவன் ஒரு காலிப்பரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஆள் இல்லை. பூஜை டின்தானே என்று மட்டும் கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினான். பூஜை நடந்தபோது அவன் வாசலில் பூசணிக்காய் உடைக்கிற இடத்தில் வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தானாம். உள்ளே தண்ணீர் விட்டதை அவன் பார்க்கவில்லை. கம்பெனியிலிருந்து தண்ணீர் என்று பதில் வந்த அன்றே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பவே சொல்றதுக்கு என்னடா? வேலை போகப்போகுது உனக்கு."

"எப்படிண்ணா சொல்றது? தீர்த்தம் ஊத்துனதால பிரேக் போச்சுன்னு நான் சொல்லணுமா? நசீர் சொன்னான்னு ஆகும். அப்புறம் பிரேக் பேச்சு போயிரும், வேற பேச்சு வந்துரும். வேலை போனா இன்னொரு வேலை கெடைக்கும்ணா."

பதினைந்து வருஷமாக எங்கள் பூஜைக்குப் பூசணிக்காய் வாங்கி வந்து கொடுப்பவன் அவன்தான். அவன் ஊமையாக இருந்ததைத்தான் நான் குற்றத்துக்கு அடையாளம் என்று எடுத்து வைத்திருந்தேன்.

சார் அறைக்குப் போனேன். வார்த்தையால் சொல்ல தைரியம் வரவில்லை. ஒரு புது டின்னை அவர் எதிரிலேயே உடைத்து, டெஸ்டரை விட்டேன், பச்சை. மேஜை மேல் சாமி படத்துக்கு முன்னால் இருந்த பஞ்சபாத்திரத்திலிருந்து இரண்டு உத்தரணி எடுத்து டின்னில் ஊற்றிக் கலக்கினேன். டெஸ்டரை விட்டேன், சிவப்பு.

அவர் குனிந்து அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு மெதுவாக, கன்னடம் கலந்து, "தேவரு தீர்த்தம் அல்லவாப்பா அது, சாமி தீர்த்தம்" என்றார். பிரேக்குக்கு அது தெரியாது சார் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நசீருக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த டின்னில் வேலை நடந்த வண்டிகளை எல்லாம் அன்றே வரவழைத்து, பழையதை முழுக்க எடுத்துவிட்டுப் புது ஃப்ளூயிட் ஏற்றச் சொன்னார். தானே ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

கம்பெனிக்குப் போன பதிலில், சேமித்து வைத்ததில் ஈரம் புகுந்துவிட்டது, மெக்கானிக் மேல் தவறில்லை என்று இருந்தது. என் கையெழுத்தும் அதில் போயிற்று. யார் ஊற்றியது என்று எங்கும் இல்லை. சேலத்துப் பெண்ணைப் பார்க்க சார் பழம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன சொன்னார், உண்மையைச் சொன்னாரா, நான் கேட்கவில்லை. நசீர் வேலை தப்பியது. ஆனால் ஒர்க்ஷாப்பில் யாரும் வாய்விட்டு எதையும் சொல்லவில்லை, கேன்டீனில் பாதிப் பேர் கண்ணில் அந்தப் பழைய கதை அப்படியே இருந்தது. எனக்கு ஆறவே இல்லை. சாரிடம் மரியாதை இருந்தது, கோபமும் இருந்தது.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. நான் வேலையில் இருந்த கடைசிப் பூஜை அதுதான். எல்லாம் வழக்கம்போல் நடந்தது. பிரேக் பெஞ்சில் குங்குமம் வைத்த புது டின். சீலை உடைக்கவில்லை, மூடி மூடியே இருந்தது. சரி, சாருக்கு ஞாபகம் இருக்கிறது என்று நினைத்தேன். தீபாராதனை ஆயிற்று. அவர் கும்பத்தை எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வர ஆரம்பித்தார். என்ன செய்யப் போகிறார் என்று நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரேக் பெஞ்சுக்கு அவர் வரும்போது, அந்த வருஷம் வாசலுக்குப் போகாமல் உள்ளேயே நின்றிருந்த நசீர் முன்னால் வந்தான். எல்லோரும் பார்க்க, அந்த மூடிய டின்னின் மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டான். அர்ச்சகர் மணியடிப்பதை நிறுத்திவிட்டார். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். இத்தனை நாள் வாயால் சொல்லப் பயந்ததை இப்படிச் செய்துவிட்டானே, என்ன ஆகுமோ என்று இருந்தது.

சார் உத்தரணியைக் கும்பத்துக்குள் போட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"போன வருஷம் இதுல நான்தான் ஊத்தினேன். பழி இவன் மேல போச்சு." நசீரைப் பார்த்தார். "கீழே கொட்டக் கூடாதப்பா. எங்க ஊத்தறது, நீயே சொல்லு."

நசீர் கையை எடுக்காமலே சொன்னான். "வாட்டர் வாஷ் தொட்டில ஊத்துங்க சார். வர்ற வண்டிக்கெல்லாம் கெடைக்கும்."

சார் கும்பத்தோடு பின்பக்கம் நடந்தார். அர்ச்சகரும் மணியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார். இன்றைக்கும் அந்த சர்வீஸ் சென்டரில் கும்பத்து நீர் வண்டி கழுவுகிற தொட்டிக்குத்தான் போகிறது.

ஆகவே, அம்மா, குழுவில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். உன் வண்டி டப்பாவின் மூடியில் என்ன நம்பர் அச்சடித்திருக்கிறதோ அதைப் போடு. நம் ஊர் வெயிலுக்குப் பெரும்பாலும் டாட் 4 தாராளம். மூடி அனுமதித்தால் 5.1 இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். வெறும் 5 என்று இருப்பது வேறு ஜாதி, அதைக் கலந்துவிடாதே. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று, மலை ஏறி இறங்குகிற வண்டியென்றால் முன்னாலேயே மாற்று. எந்த நம்பராக இருந்தாலும் சீல் உடையாத டின்னாக இருக்க வேண்டும்.

அந்தக் கடைசிப் பூஜையன்று எல்லோரும் பின்பக்கம் போன பிறகு நானும் நசீரும் மட்டும் பெஞ்சருகில் நின்றோம். அவன் டின் மேலிருந்து கையை எடுத்தான். நான் அதை எடுத்துத் திருப்பி, மூடியைச் சுற்றி நகத்தால் தடவிப் பார்த்தேன். "இன்னுமாண்ணா?" என்று சிரித்தான். சீல் உடையாமல்தான் இருந்தது.